ரூட் இருக்கு, பிங் ஏன் போகல?

காட்பாடியில் ஒரு தம்பி, டேட்டா சென்டர் வேலைக்குப் புதுசு. ராத்திரி போன் போட்டு, "அண்ணா, பிஜிபி ஏறிடுச்சு, ரூட்டும் டேபிள்ல தெரியுது, ஆனா வெளியிலிருந்து சர்வருக்கு பிங் மட்டும் வரல" என்றான். பிஜிபி என்பது ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை, பிங் என்பது எதிர்ப்பக்கம் பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது. டேட்டா சென்டர் நெட்வொர்க்கை ஒரே இடத்திலிருந்து பாலிசி எழுதி நடத்தும் சிஸ்கோ ஏசிஐ-யில் கை வைக்கும் பலரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

காட்பாடி–சித்தூர் ரோட்டில் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் இருக்கிறதே, ரோடு நன்றாக இருக்கிறது என்பதற்காக அங்கே லாரியை விட்டுவிடுவார்களா, பேப்பரைக் கேட்பார்கள். ஏசிஐ-யில் எல்3அவுட் (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு) என்பது ரோடு, காண்ட்ராக்ட் (யார் யாரோடு எந்த டிராஃபிக்கில் பேசலாம் என்ற அனுமதி) என்பது பேப்பர். பழைய ரவுட்டர்களில் வழி இருந்தால் போதும், ஏசிஎல் (அனுமதி-தடைப் பட்டியல்) போட்டால்தான் தடை. இங்கே நேர் எதிர், காண்ட்ராக்ட் இல்லாவிட்டால் ஒரு இபிஜி-யிலிருந்து (ஒரே பாலிசிக்கு உட்பட்டவற்றின் குழு) இன்னொரு இபிஜி-க்கு எதுவும் போகாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரிட்ஜ் டொமைன் (சர்வர்கள் சேர்ந்திருக்கும் உள் பகுதி) சப்நெட்டில், அதாவது அதன் ஐபி முகவரித் தொகுப்பில், 'அட்வர்டைஸ்டு எக்ஸ்டர்னலி' டிக் செய்து, எல்3அவுட்டையும் இணைத்த பிறகும் சப்நெட் வெளியே போகாமல் இருக்கலாம். அந்த பிரிட்ஜ் டொமைன் பார்டர் லீஃபில் (எல்3அவுட் இணைந்திருக்கும் சுவிட்ச்சில்) இல்லையென்றால், காண்ட்ராக்ட் போட்ட பிறகுதான் அந்த ரூட்டே அங்கு வரும். ஆக பாலிசி சில நேரம் ரூட்டிங்கையும் பிடித்து இழுக்கிறது.

அடுத்து எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் 0.0.0.0/0, அதாவது 'எல்லா ஐபி முகவரியும்'. எக்ஸ்டர்னல் இபிஜி-யில் (வெளியில் இருப்பவர்களுக்கான குழுவில்) அதை எழுதினால், வேறு வழி தெரியாத டிராஃபிக்கெல்லாம் போகும் டிஃபால்ட் ரூட் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, எந்த ஐபி எந்த இபிஜி-யில் சேரும் என்ற வகைப்பாடு மட்டும்தான் அது. அந்த வகைப்பாடும் எல்3அவுட் வாரியாக அல்ல, விஆர்எஃப் (தனி ரூட்டிங் டேபிள் கொண்ட பகுதி) முழுவதற்கும் சேர்த்து நடக்கிறது. ஒரே விஆர்எஃப்-இல் இன்டர்நெட்டுக்கு ஒன்று, பார்ட்னருக்கு ஒன்று என்று இரண்டு எல்3அவுட் வைத்து, இரண்டிலும் 0.0.0.0/0 போட்டால், பார்ட்னருக்கு மட்டும் என்று நினைத்துக் கொடுத்த அனுமதி இன்டர்நெட் பக்கத்துக்கும் கிடைத்துவிடும், ஒரு எச்சரிக்கை மணிகூட அடிக்காது! பார்ட்னர் பக்கம் அவர்களுடைய சப்நெட்டை மட்டும் எழுதுங்கள்.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பற்றி சுருக்கமாக: எல்3அவுட் இன்டர்ஃபேஸை அப்படியே விட்டால் 9000 பைட், எதிர்ப்பக்க ரவுட்டரில் பெரும்பாலும் 1500. ஓஎஸ்பிஎஃப் (இன்னொரு ரூட்டிங் முறை) இணைப்பு முழுமையாகாமல் எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையிலேயே நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

வெளியே என்ன விளம்பரப்படுத்துகிறோம் என்பதற்கு ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட் (எந்தெந்த முகவரித் தொகுப்பை விடலாம் என்ற பட்டியல்) கட்டாயம் வேண்டும், அதில் சோம்பேறித்தனம் கூடாது. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற ரூட்டைப் போட்டது. அது வெளியே கசிந்து, அதற்கு இன்டர்நெட் இணைப்பு தந்த மேல் நிறுவனமும் வடிகட்டாமல் கடத்திவிட, யூடியூபின் சொந்த /22-ஐ விட /24 நுணுக்கமானது, ரவுட்டர்கள் நுணுக்கமான ரூட்டையே தேர்ந்தெடுக்கும் என்பதால் உலக டிராஃபிக் அந்தப் பக்கம் திரும்பியது. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணம், பாலிசி எழுதாத இபிஜிபி (வெவ்வேறு நெட்வொர்க்குகளுக்கு இடையிலான பிஜிபி) செஷனில் எந்த ரூட்டையும் வாங்கவும் கூடாது கொடுக்கவும் கூடாது என்கிறது. ஆனால் எல்லாப் பெட்டியும் அதைப் பின்பற்றுவதில்லை, உங்களுடையது எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்குக் குறை காண்ட்ராக்ட்டில்தான். ஃபில்டரில் டிசிபி 443 (பாதுகாப்பான வெப் டிராஃபிக்) மட்டும் இருந்தது, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி இல்லை. பிரவுசரில் திறந்து பார்த்திருந்தால் போனே போட்டிருக்க மாட்டான்.