கல்லடியில் பூட்டப்போகும் தேத்தண்ணிக்கடை

பதுளையிலிருந்து மட்டக்களப்புக்கு இறங்கும் ஏ5 வீதி பிபிலை, மகாஓயா தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. ஆகஸ்டில் இந்த வழியாக வந்தால் ஒரே காற்றை இரண்டு இடங்களில் சந்திக்கலாம். எங்கள் ஊவா மலையில் ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றுதான் தேயிலைக்கு அந்தத் தனி வாசத்தைக் கொடுக்கிறது. அதே காற்று மலையிறங்கிக் கிழக்குக் கரைக்கு வரும்போது கச்சான் என்ற அனல் காற்றாகி உதட்டை வெடிக்க வைக்கிறது. பஸ் ஜன்னலைத் திறந்தாலும் அனல், மூடினாலும் அனல்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிக்குப் போக வாவிக்கு மேலே இரண்டு பாலங்கள் இருக்கின்றன. ஒன்று 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம், மற்றது 2013இல் திறந்த புதியது. பாலம் கடந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒரு வீதியில்தான் நான் சொல்லவரும் கடை இருக்கிறது. மட்டக்களப்புக்கு வந்தால் என் காலைத் தேத்தண்ணி அங்கேதான். தகரக் கூரை, நாலைந்து மேசை, உட்கார வாங்குகள், கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் பணிசும். முதலாளி சாயத் துணியைக் கேத்தலில் முக்கி எடுத்து, இரண்டு கோப்பைகளுக்கிடையில் இழுத்து ஆத்தித் தரும் பால் தேத்தண்ணிக்கு நுரை கிளாசின் விளிம்பு வரை நிற்கும். தேயிலை எங்கள் மலைத் தூள்தான். நல்ல தரமெல்லாம் கப்பலேறிய பிறகு மிஞ்சும் டஸ்ட். அந்த மனிதரின் கையில் அதற்கு ஒரு கடுப்பும் நிறமும் வந்துவிடுகிறது.

இந்த முறை கிளாசை வைத்துவிட்டு அவர் சொன்னார்: "மகள், இந்த மாசத்தோட பூட்டுறன்."

காரணம் கேட்டால் ஒன்றைச் சொல்ல மாட்டார், பத்தைச் சொல்வார். முழங்கால் வலி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், கட்டடத்தைக் கேட்கும் போன் கடைக்காரர். ஆனால் பேச்சு திரும்பத் திரும்ப நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த 2022இலேயே வந்து நிற்கிறது. அந்த வருடம் 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபாயானது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாய்க்குப் போனது, அதுவும் கியூவில் நின்றால்தான். ஒரு பால் தேத்தண்ணி நூறு ரூபாய் என்று எழுதிப் போட அவருக்கு மனம் வரவில்லை. கொப்பியில் கடன் எழுதினார். அந்தக் கொப்பி இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது. எருமைத் தயிருக்குப் பேர்போன மாவட்டத்தில் ஒரு தேத்தண்ணிக்கடை வெளிநாட்டுப் பால்மாவின் விலையால் தள்ளாடியதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தினமும் வந்து பேப்பர் படிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் வந்ததில் பழைய கடை முழுதாகப் போய்விட்டதாம். பிறகு தகரம் அடித்துத் திரும்பத் திறந்த நாட்களில் தேத்தண்ணிக்காக யாரும் வரவில்லை என்றார். "ஆர் இருக்கினம், ஆர் எந்த முகாமில எண்டு கேக்கத்தான் வந்தம். இந்த மனிசனுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருந்திச்சு. ஒருத்தரிட்டயும் காசு வாங்கேல்ல." சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அவர் இனி எங்கே போய்ப் படிப்பார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதோடு விட்டிருந்தால் இது ஒரு சோகக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் நான் தங்கியிருந்த வீட்டுப் பெண் பிள்ளை, இப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர், முகத்துக்கு நேரே சொன்னார்: "பூட்டட்டும் அக்கா. படிக்கிற காலத்துல ரியூசனுக்குப் போகக்குள்ள அந்த இடத்துல மட்டும் சைக்கிள வேகமா மிதிப்பம். வாங்கில இருக்கிறவங்க எல்லாரும் ஒண்டாத் திரும்பிப் பார்ப்பாங்க. ஆரு எந்தப் பொடியனோட கதைச்சது எண்டு பின்னேரத்துக்குள்ள வீட்டுக்குச் செய்தி வந்திரும்."

ஊர்ச் செய்தியெல்லாம் தெரிந்த கடை. சுனாமிக்குப் பிறகு அந்தச் செய்தி உயிர்களைச் சேர்த்து வைத்தது. மற்ற நாட்களில் அதுவே பிள்ளைகளின் காலைக் கட்டியது. நான் உள்ளே உட்கார்ந்து குடிக்கிறேன் என்றால், வெளியூர்க்காரி என்பதால் விட்டிருக்கிறார்கள். அந்த வீதியில் பிறந்த ஒரு பெண்கூட அந்த வாங்கில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆசிரியர் சொன்னதும் உண்மை, இந்தப் பிள்ளை சொன்னதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

முதலாளியின் மனைவிக்கு நிம்மதி. மூன்று மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டும் வாழ்க்கை முடிகிறதே என்று வாய்விட்டுச் சிரித்தார். கொப்பிக் கடனை மட்டும் அறவிட வேண்டும் என்பது அவரது கட்டளை. மனுசன் தலையாட்டுகிறார், லாச்சியைத் திறப்பதாகத் தெரியவில்லை.

பெரிய இழப்பு இன்னொருவருக்கு. விடியற்காலையில் கடைக்கு இடியப்பமும் பிட்டும் அவித்துக் கொடுக்கும் ஒரு அம்மா இருக்கிறார். கடை வாங்கில் அவரும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, பின்கதவால் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கடை பூட்டுவதைப் பற்றி அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்கவில்லை. நான் கேட்டதும், "பிரதான வீதிச் சாப்பாட்டுக் கடையில கேட்டுப் பார்த்தன் புள்ள, அவங்க மிஷினில புழியிறாங்களாம்" என்றார். வேறு கடை ஏதாவது தெரியுமா என்று என்னிடமே கேட்டார். இரண்டு விடுதிக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காலை உணவுக்கு ஆள் தேடும் கல்லடி விடுதிக்காரர் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள், சேர்த்து வைக்கிறேன்.

கடை மாதக் கடைசி வரை திறந்திருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை ஆறு மணிக்கு முன்னே போங்கள், ஏழு மணிக்குப் பிட்டு முடிந்துவிடும். சம்பலைக் கேட்டு வாங்குங்கள். பெண்கள் போனால் வெளியில் நின்று குடிக்காமல் உள்ளே போய் வாங்கில் உட்கார்ந்து குடியுங்கள்.