நேட்டாலுக்குக் கப்பலேறிய பெரியவரைத் தேடி

2024 ஜனவரி 7

என் கொள்ளுத் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றி எஞ்சியிருக்கும் செய்தி இவ்வளவே. எண்பத்தாறு வயதாகும் அத்தையிடம் இன்று மாலை கேட்டபோது, "தாது வருஷப் பஞ்சத்துல அவருக்கு மாடு மேய்க்கிற வயசுன்னு எங்கப்பா சொல்லுவாருப்பா" என்றார். தாது ஆண்டு 1876. மாடு மேய்க்கும் வயது எட்டோ பத்தோ என்று கொண்டால், அவர் 1867-ஐ ஒட்டிப் பிறந்தவராகிறார். பிறப்புப் பதிவேடு எதுவும் எனக்குத் தந்திராத ஆண்டை ஒரு பஞ்சத்தின் நினைவு தந்துவிட்டது.

ஜனவரி 9

பரணில் இருந்த பெட்டியில் கொள்ளுத் தாத்தாவின் சாதக ஓலை கிடைத்தது. அதில் சுக்கில ஆண்டு என்றிருக்கிறது. அறுபது ஆண்டுச் சுற்றில் அது 1869 ஆகவும் இருக்கலாம், 1929 ஆகவும் இருக்கலாம். தாத்தாவே 1929-க்கு முன் பிறந்தவர் என்பதால் 1869 உறுதியாயிற்று. அண்ணனின் வயதுக் கணக்கும் இதனோடு பொருந்துகிறது.

ஜனவரி 23

சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்த பழைய கிரயப் பத்திரத்தின் நகல் கைக்கு வந்தது. 1894-இல் எழுதப்பட்ட பத்திரம் அது. வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுகா, கிராமத்தின் பெயர், அதன்பின் 'இன்னாருடைய குமாரர்' என்று தொடங்குகிறது. குடும்பத்தில் எவருக்கும் நினைவில்லாத எள்ளுத் தாத்தாவின் பெயரை அந்த ஒரு வரியில்தான் முதன்முதலாகப் படித்தேன். உள்ளே, தமையன் நேட்டாலில் இருப்பதால் அவர் பாகத்துக்கும் தானே ஜவாப்தாரி என்று கொள்ளுத் தாத்தா எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே அண்ணன் 1894-க்கு முன்பே போய்விட்டார். முன்னோரைத் தேடுபவர்கள் வீட்டில் கிடக்கும் பத்திரங்களை நிலத்துக்காக மட்டும் பார்க்காமல், இந்த முதல் வரிகளுக்காகவும் படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பிப்ரவரி 4

நேட்டால் கப்பல் பட்டியல்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேர் இவற்றில் பதிவாகியுள்ளனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் உண்டு. எங்கள் பத்திரங்களில் 'இன்னார் மனைவி' என்று மட்டும் வரும் பெண்கள், இங்கே தமக்கென ஓர் எண்ணோடும் தம் தந்தையின் பெயரோடும் நிற்பதைப் பார்த்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை.

பிப்ரவரி 11

பெயரை வைத்துத் தேடுவதில் பயனில்லை என்று ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன். எழுத்தர் தம் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியதால் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிட்டன. முனுசாமி மூன்சாமியாகி, தென்னாப்பிரிக்காவில் இன்று குடும்பப் பெயராகவே நிலைத்திருக்கிறது. நம்மிடம் வழிவழியாக வரும் குடும்பப் பெயர் இல்லாததால், தந்தை பெயரும் ஊரும் சேர்ந்தால்தான் ஓர் ஆளை அடையாளம் காண முடியும். எங்கள் ஊரோ புதூர். தாலுகாவுக்குப் பல புதூர்கள் உண்டு. அதனால் முதலில் ஜில்லா, பிறகு தாலுகா, பிறகு தந்தை பெயரின் ஒலி, கடைசியில் வயது என்று வரிசையை மாற்றிக்கொண்டேன். இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவருக்கு வயது 22, தந்தை பெயர் ஓரெழுத்து மாறியிருக்கிறது. மற்றவருக்குத் தந்தை பெயர் அப்படியே பொருந்துகிறது, வயது 30.

பிப்ரவரி 18

தழும்பு ஏதேனும் இருந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா என்று அத்தையிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, தன் தங்கையைக் கேட்கச் சொன்னார். நாளை காலைப் பேருந்தில் ஆரணிக்குப் போகிறேன். இரண்டு பதிவுகளையும் அடையாளப் பத்தியோடு தாளில் எழுதி எடுத்து வைத்திருக்கிறேன்.