462 விசாவில் ரெக்கார்ட்ஸ் வேலை: ஆறு மாதக் கெடுவும் இல்லாத குடும்பப் பெயரும்

ஆஸ்திரேலியாவில் ஓராண்டு தங்கி வேலையும் பார்க்கலாம் என்று இளைஞர்களுக்குத் தரும் 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசாதான் 462. அதில் போய் ரெக்கார்ட்ஸ் வேலை, அதாவது அலுவலகக் கோப்புகளையும் ஆவணங்களையும் பராமரிக்கும் வேலை, தேடுவோருக்கு இது. 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டிக் குலுக்கலில் பெயர் கொடுப்பது, இந்தியாவுக்கு ஆண்டுக்கு 1000 இடம், 18 முதல் 30 வயது, கையிருப்பு 5000 டாலர். விசா கதை இவ்வளவுதான். அங்கே இறங்கி வேலை தேடும்போதுதான் கழுத்தறுப்பு.

தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரடியாக விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மத்திய அரசுப் பணிக்குப் பொதுவாகக் குடியுரிமை கேட்பார்கள். நமக்கான வேலை கவுன்சில்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் கிடக்கிறது, பெரும்பாலும் ஏஜென்சி வழியாக. சீக் என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் 'ஆர்க்கிவிஸ்ட்' (ஆவணக் காப்பாளர்) என்று போட்டால் அந்தத் துறைப் பட்டம் கேட்கும் வேலைகளே வரும். 'ரெக்கார்ட்ஸ் ஆபீசர்', 'டிஜிடைசேஷன்', 'சென்டென்சிங்' (எந்தக் கோப்பை எத்தனை காலம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்று முடிவுசெய்வது) என்று தேடுங்கள். 'கன்டென்ட் மேனேஜர்' என்ற ஆவண மேலாண்மை மென்பொருள் தெரியுமென்றால் பயோடேட்டாவின் முதல் வரியிலேயே போடுங்கள். அங்கே பழைய ஆட்கள் அதை இன்னும் 'ட்ரிம்' என்றுதான் சொல்வார்கள், அந்தப் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது இந்த விசாவின் 8547 நிபந்தனை: அனுமதி வாங்காமல் ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. ஏஜென்சியை மாற்றினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று ஒரு ஏஜென்சிக்காரர் அடித்துச் சொன்னார். சுத்தப் பொய். யாருக்காக நேரடியாக வேலை செய்கிறோமோ அவர்தான் முதலாளி. சம்பளம் போடும் ஏஜென்சி கணக்கில் வராது. ஆஸ்திரேலிய உள்துறைத் தளத்தில் இருக்கும் விளக்கத்தை அனுப்பியதும் மனிதர் கப்சிப். அதே நிறுவனத்தின் வேறோர் இடத்துக்கு மாறினால் மட்டும் அங்கே தனியாக ஆறு மாதம் உண்டு. எனவே நேர்காணலில் கெடுவை நாமே முதலில் சொல்லி, தேங்கிக் கிடக்கும் பெட்டிகளை முடித்துத் தரும் குறுகிய கால வேலையாகக் கேட்பது நல்லது. இன்னொன்று: நகர அலுவலகத்தில் கோப்பு அடுக்கியது இரண்டாவது முறை இதே விசா வாங்கக் கேட்கும் மூன்று மாதக் குறிப்பிட்ட வகை வேலைக் கணக்கில் சேராது.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி, பாஸ்போர்ட்டில் காலியாக இருக்கும் குடும்பப் பெயர். விசா விண்ணப்பத்தில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். வங்கியில் வேறு மாதிரி பதிவார்கள். சில போலீஸ் சரிபார்ப்புப் படிவங்களோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகராது. சான்றுகளில் பெயர் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் அப்படியே நிற்கும், வேலைத் தேதியும் தள்ளிப்போகும். வங்கிக் கணக்கு, வரி எண் இரண்டிலும் பெயரை முதல் நாளே விசாவில் உள்ளபடி பதியச் சொல்லுங்கள்.

வேலைக்குள் சறுக்கும் இடம் சென்டென்சிங். எந்த வகைக் கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணையில் 'நடவடிக்கை முடிந்து 7 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கலாம்' என்றிருந்தால், அட்டையில் உள்ள திறப்புத் தேதியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அரசுக் கோப்புகளில் புதிய தாள் மேலே இருக்கும். அட்டையில் 2009 என்றிருக்கும். மேல் தாளில் 2021 தேதியிட்ட பதில் கடிதம் கிடக்கும். எண்ண வேண்டியது 2021இலிருந்து. ஒரு கோப்பு இரண்டு வகையில் பொருந்தினால் நீண்ட காலத்தையே எடுங்கள்.

சம்பளச் சீட்டையும் பாருங்கள். ஒர்க்கிங் ஹாலிடே ஆட்களை வைத்துக்கொள்வதாக முதலாளி வரித்துறையில் பதிந்திருந்தால்தான் 45,000 டாலர் வரை 15% பிடிப்பார். பதியாவிட்டால் கூடுதலாகப் போகும். 'சூப்பர்' தொகையை, அதாவது ஓய்வூதியத்துக்காக முதலாளி தனியாகச் செலுத்தும் பணத்தை, நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். நாடு திரும்பிய பின் கேட்டு வாங்கும்போது அதில் 65% வரிக்கே போய்விடும்.