வீட்டுக் கடன் தவணை குறைந்தது

கடன் காலத்தை நீட்டி, தவணையைக் குறைத்ததாக இன்று மதியம் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

2022 மே மாதம் 4.4 சதவீதமான ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி), 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. எங்கள் தவணையும் கூடவே ஏறியது. அப்புறம் என் கணவருக்கு வேலை போனது. இரண்டு தவணை தவறியதும் தினமும் போன். அம்மா போனை எடுக்கவே பயந்தார்.

கிளைக்கு மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறையும் "கட்டிவிட்டு வாங்க" என்றார்கள். மூன்றாம் முறை ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையை அச்செடுத்துப் போனேன். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்கிறது அது. காலத்தை நீட்டச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்து, முத்திரையிட்ட நகலும் வாங்கினேன்.

காலம் நீண்டால் மொத்த வட்டி கூடும், தெரியும். சரி, வீடு நிற்கிறதே.

தவிப்பவர்களே, தவணை பாக்கி 90 நாள் தாண்ட விடாதீர்கள். அதன்பின் கடன் வாராக்கடன்; சர்ஃபேசி சட்டத்தில் (அடமானச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே எடுக்க வழிசெய்யும் சட்டம்) 60 நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். மனுவுக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை. மனு எழுதத் தெரியாதவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன்.