இலையும் முள்ளங்கியும்: கியோட்டோ பயண நாட்குறிப்பு

செப்டம்பர் 6

கியோட்டோவுக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: நவம்பர் 20-லிருந்து 25-க்குள். மேப்பிள் இலைகள் முழுதாகச் சிவந்திருக்கும் வாரம் அதுதான் என்கிறார்கள். நவம்பர் 23 ஜப்பானில் அரசு விடுமுறை வேறு. ஊரே திரண்டு அங்கேதான் நிற்கும். விடுதி வாடகையைப் பார்த்தேன், அந்த வாரத்தில் மட்டும் எங்கோ போய் நிற்கிறது.

எனக்கு டிசம்பர் முதல் வாரம்தான் சரி என்று படுகிறது. இலையின் நிறத்தைத் தீர்மானிப்பது இரவுக் குளிர். குறைந்தபட்ச வெப்பநிலை 8 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் மேப்பிள் நிறம் மாறத் தொடங்குகிறது. 5 டிகிரியை ஒட்டி வந்தால் வேகம் பிடிக்கிறது. பச்சையம் சிதைந்து போகும். பகல் வெயிலில் இலை செய்த சர்க்கரை காம்பைத் தாண்டி மரத்துக்குள் போக முடியாமல் இலையிலேயே தங்கிச் சிவப்பு நிறமி ஆகிவிடும். பகலில் நல்ல வெயில், இரவில் நல்ல குளிர் என்று அமைந்தால்தான் அந்த ரத்தச் சிவப்பு வரும்.

அந்தக் குளிர் இப்போது தாமதமாகத்தான் வருகிறது. மேப்பிள் நிறம் மாறும் நாளை ஜப்பான் வானிலை ஆய்வு நிறுவனம் 1953-லிருந்து குறித்து வைத்திருக்கிறது. பத்தாண்டுக்குச் சுமார் 3 நாள் வீதம் அந்த நாள் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. நம் வழிகாட்டிப் புத்தகங்கள் இன்னும் பழைய நாட்காட்டியிலேயே நிற்கின்றன.

செப்டம்பர் 15

அறை பதிவு செய்துவிட்டேன். கராசுமா சுரங்க ரயில் பாதையை ஒட்டி, நிஷிகி சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில். சிறிய அடுப்பும் ஒரு பாத்திரமும் உண்டு. கியோட்டோவில் இலையுதிர் காலத்தில் நகரப் பேருந்தை நம்பித் திட்டம் போடக்கூடாது. கோயில்களுக்கு அருகே சாலையே நகராது. சுரங்க ரயிலும், கமோ ஆற்றை ஒட்டி ஓடும் கெய்ஹான் ரயிலும் போதும். மீதிக்குக் கால் இருக்கிறது.

அக்டோபர் 4

அம்மாவும் வருகிறாள். அம்மா சுத்த சைவம். ஆகவே சாப்பாட்டுத் திட்டத்தை முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

பிரச்சினை இறைச்சி அல்ல; தட்டில் கண்ணுக்குத் தெரிகிற எதையும் ஒதுக்கிவிடலாம். தண்ணீரில்தான் சிக்கல். ஜப்பானியச் சமையலில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடித்தளம் தாஷி என்ற சாறு. நமக்குப் பருப்புத் தண்ணீர் மாதிரி. கொம்பு எனும் கடற்பாசியை ஊறவைத்து, அதோடு காட்சுவோபுஷி எனப்படும் உலர்த்திய சூரை மீன் சீவலைப் போட்டு வடிகட்டுவார்கள். கீரை மசியல், முட்டைக்கோஸ், வெறும் நூடுல்ஸ், எல்லாவற்றிலும் அது இருக்கும். "மீன் வேண்டாம்" என்று சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் செய்து தருவார்கள். அவர்கள் கணக்கில் அது மீன் இல்லாத சாப்பாடுதான். கேட்க வேண்டிய கேள்வி, "சாறு கொம்பில் மட்டும் செய்ததா?" என்பதே. இதை ஜப்பானிய மொழியில் அட்டையில் எழுதி எடுத்துப் போகிறேன்.

இன்னொரு பக்கம், சைவத்துக்கு ஜப்பானில் கியோட்டோவை விட நல்ல ஊர் இல்லை. ஜென் மடங்களின் ஷோஜின் சமையலில் மீன் இல்லை, இறைச்சி இல்லை. வெங்காயம், பூண்டுகூட இல்லை. அம்மாவின் ஏகாதசிச் சமையலுக்கு அது அந்நியமே அல்ல. அராஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள்ளேயே ஷிகெட்சு என்ற உணவகம் இதைப் பரிமாறுகிறது. அப்புறம் டோஃபு, சோயாப்பால் ஏட்டை எடுத்துச் செய்யும் யுபா, கோதுமைப் பசையத்தில் செய்யும் ஃபூ. ஊரின் நிலத்தடி நீர் மென்மையானது. டோஃபுவின் ருசி அதில் இருக்கிறது என்கிறார்கள்.

கொம்பு கியோட்டோவில் விளைவதே இல்லை. ஹொக்காய்டோவிலிருந்து ஜப்பான் கடல் வழியாகக் கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறங்கி, மலை தாண்டி வந்து சேர்ந்தது. கடலே இல்லாத அன்றைய தலைநகரம் உலர்ந்த பொருட்களை வைத்துக்கொண்டு ஒரு பெரும் சமையலைக் கட்டி எழுப்பியிருக்கிறது. எனக்கு இந்த ஊரின் மேல் மரியாதை வந்ததே இதைப் படித்தபோதுதான்.

அக்டோபர் 19

பயண நாட்களைக் காய்கறியை வைத்து முடிவு செய்துவிட்டேன். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் காரணம் இருக்கிறது.

இலையைச் சிவக்கவைக்கும் அதே குளிர் வயலிலும் வேலை செய்கிறது. உறைபனியைத் தாங்கக் கிழங்கும் கீரையும் தமக்குள் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கின்றன. குஜோ என்கிற நீண்ட பச்சை வெங்காயத்தாள் குளிர் ஏற ஏற உள்ளே கொழகொழப்பும் இனிப்புமாகிறது. ஷோகோயின் டர்னிப் ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல் வரும், வெள்ளைப் பந்து போல. அதை வட்ட வட்டமாகக் காகிதம் போலச் சீவி, கொம்போடு சேர்த்து ஊறவைக்கும் ஊறுகாய்தான் சென்மைசுகே. நவம்பரில் கடைகளுக்கு வரத் தொடங்கும். அக்டோபரில் இலை பார்க்கப் போனால் இதெல்லாம் கிடையாது.

இதைத் தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்ததுதான் பெரிய புதையல். டிசம்பர் 7, 8 தேதிகளில் சென்பொன் ஷகாதோ என்ற கோயிலில் பெரிய அண்டாக்களில் முள்ளங்கியை வேகவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். புத்தர் ஞானம் பெற்ற நாளாக ஜப்பானில் டிசம்பர் 8 கொண்டாடப்படுகிறது. அதை ஒட்டிய வழிபாடு இது. முதலில் முள்ளங்கித் துண்டின் முகத்தில் சமஸ்கிருத எழுத்தை எழுதி மந்திரம் ஓதுவார்களாம். சாப்பிட்டால் பக்கவாதம் அண்டாது என்பது நம்பிக்கை.

அம்மாவிடம் சொன்னேன். "என்னடி, முள்ளங்கி சாப்பிடவா அவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "எழுத்து எழுதுவாங்களா? அப்போ 7-ஆம் தேதியே போயிடலாம்" என்றாள். அதோடு தேதி உறுதியானது.

நவம்பர் 8

வடமேற்கு மலையில் இருக்கும் தகாவோவில் சிவந்துவிட்டது. நகரத்துக்குள் இன்னும் பச்சைதான். நிறம் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கி வரும். ஒரு வாரம் தவறிப்போனால் கொஞ்சம் உயரம் ஏறியோ இறங்கியோ சரிசெய்துகொள்ளலாம் என்பது பெரிய தைரியம்.

நவம்பர் 23

இரவு வெப்பநிலை இன்னும் 8, 9 என்றே இருக்கிறது. சரி, நமக்கு நல்லதே.

இன்று நாள் திட்டத்தை மாற்றி எழுதினேன். டிசம்பர் தொடக்கத்தில் அங்கே மாலை 4.45-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர் என்பதால் அதற்கு முன்பே நிழல் இறங்கிவிடும். நிஷிகி கடைகளும் ஐந்து, ஆறு மணிக்கு மூடத் தொடங்குகின்றன. ஆகவே நம் ஊர்ப் பழக்கத்தில் பத்து மணிக்குக் கிளம்பினால் பாதி நாள் போயிற்று. காலை திறக்கும் நேரத்தில் இலை, நடுப்பகலில் சூடான சாப்பாடு, மூன்று மணிக்குச் சந்தை, இருட்டியதும் அறை. இதற்கு மேல் ஒரு நாளில் எதையும் திணிக்கப் போவதில்லை.

மழைக்கென்று தனி நாள் ஒதுக்கவில்லை. இந்தப் பருவத்தில் கியோட்டோவில் பெய்வது ஷிகுரே. ஜப்பான் கடலில் எழும் மேகம் வடக்கு மலையைத் தாண்டி வந்து சில நிமிடம் தூறிவிட்டுப் போகும். ஊரின் வடக்கே மழை, தெற்கே வெயில் என்றும் இருக்கும். மடக்குக் குடை போதும். குளிர்தான் வேறு மாதிரி. டிசம்பரில் பகல் 11, 12 டிகிரி, அதிகாலை 3, 4. எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை, ஆனால் தரையிலிருந்து ஏறுமாம். கோயில்களில் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் நடக்க வேண்டும். அம்மாவுக்கு ஸ்வெட்டரை விடத் தடித்த காலுறைதான் முதலில் வாங்கினேன்.

டிசம்பர் 4

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஹருகா ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்.

இன்று காலை திறக்கும்போதே தோஃபுகுஜி கோயில். பள்ளத்தாக்கின் மேல் கட்டிய மரப்பாலத்திலிருந்து கீழே பார்த்தால் மேப்பிள் கடல். உச்சத்தைத் தாண்டி ஐந்தாறு நாள் ஆகியிருக்கும். மரத்தில் பாதி, தரையில் பாதி. எனக்கு இதுவே பிடித்தது. பாசி படர்ந்த சரிவு முழுக்கச் சிவப்பு விழுந்து கிடக்க, பாலத்தில் இடித்துத் தள்ள ஆள் இல்லை. இந்தக் கோயிலில் செர்ரி மரம் கிடையாது. ஷோகன் (அன்றைய ராணுவ ஆட்சியாளர்) அஷிகாகா யோஷிமோச்சி என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஓவியத் துறவி மின்சோ, "செர்ரி மரங்களை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு இது கேளிக்கை இடமாகிவிடும்" என்றாராம். அவர் இப்போது நவம்பர் மாதக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து கெய்ஹான் ரயிலில் கியோன்-ஷிஜோ. மினாமிசா நாடக அரங்கின் முகப்பில் டிசம்பர் கபூகிக்காக நடிகர்கள் பெயர் எழுதிய பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பக்கத்திலேயே 1882-லிருந்து நிஷின் சோபா தரும் மட்சுபா என்ற கடை. சோபா ஒரு வகை நூடுல்ஸ். உலர்ந்த ஹெர்ரிங் மீனை இனிப்பாகச் சமைத்துச் சோபாவுக்குள் புதைத்து வைக்கிறார்கள். கொம்பு வந்த அதே கடல் வழியில் வந்த மீன்தான். முதலில் சாறு தெளிவாக இருக்கும். மீனைக் கிளறக் கிளறக் கனமாகிறது. பாதியில் அது வேறொரு சாறு. அம்மா எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தாள். பிறகு அவளுக்காக வாங்கிய, உமேபோஷி எனும் உப்பில் ஊறிய புளிப்புப் பழம் வைத்த சோற்று உருண்டையைக் கமோ ஆற்றங்கரையில் சாப்பிட்டோம். பருந்து பறித்துப் போகும் என்று எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. நிஜம்தான், தலைக்கு மேலே வட்டமடித்தன. மரத்தடியில் உட்கார்வது நல்லது.

டிசம்பர் 5

காலையிலிருந்து ஷிகுரே, விட்டு விட்டு. யுடோஃபுவுக்கு இதை விடப் பொருத்தமான நாள் ஏது? நான்சென்ஜி கோயிலை ஒட்டி 1635-இல் தொடங்கிய ஒகுதான் உட்பட யுடோஃபு கடைகள் இருக்கின்றன. ஒரு மண் பானை, அதில் தண்ணீர், அடியில் கொம்பு, மிதக்கும் டோஃபு. அவ்வளவுதான். கொதிக்க விடக்கூடாது, டோஃபு லேசாக அசையத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் இருக்கலாம் என்பதால் அட்டையைக் காட்டினேன். அம்மாவுக்கு வெறும் சோயா சாஸும் நறுக்கிய வெங்காயத்தாளும் வைத்தார்கள். அம்மா முதல் துண்டை வாயில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். இரண்டாவது துண்டுக்குப் பிறகு, "இதுல உப்புகூட வேண்டாம்டி" என்றாள்.

வெளியே வந்தபோது தெற்கே வெயில்.

டிசம்பர் 6

ஷிமோகாமோ ஆலயத்தின் ததாசு வனம் நகரத்திலேயே கடைசியாக நிறம் மாறும் இடங்களில் ஒன்று. இன்று உச்சம். சிவப்பைவிட மஞ்சள் அதிகம். கட்டணம் இல்லை, ஓடைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கலாம். கியோட்டோவில் ஒரே இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் டிசம்பரில் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் வடக்கே காமிகாமோ. சுகுகி ஊறுகாய் இங்கேதான். டர்னிப் வகைக் கிழங்கும் உப்பும் மட்டும். நீண்ட மரக்கழியை நெம்புகோலாக வைத்து, நுனியில் கல் கட்டி அழுத்திப் புளிக்கவைப்பார்கள். வினிகர் இல்லாமலே அந்தப் புளிப்பு வருகிறது. அம்மா மோந்து பார்த்துவிட்டு நாளைக்குத் தயிர்சாதம் வேண்டும் என்றாள். மாலை நிஷிகியில் தயிர் கிடைக்கவில்லை, மளிகைக் கடையில் கிடைத்தது. அறை அடுப்பில் சோறு வைத்து, தயிரும் சுகுகியுமாக ராத்திரியே சாப்பிட்டோம். நாளை வரை யார் காத்திருப்பது!

டிசம்பர் 7

சென்பொன் ஷகாதோ. வீடுகளுக்கு நடுவே சின்ன வாசல். உள்ளே இருக்கும் மண்டபம் 1227-இல் கட்டியது. 1467-இல் தொடங்கிய ஓனின் போரில் ஊரே எரிந்தபோதும் தப்பியது. தூண்களில் ஆயுதம் பட்ட வடு இருக்கிறது. பழைய நகரத்துக்குள் இதைவிடப் பழைய கட்டடம் இல்லை.

வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. பெரும்பாலும் வயதானவர்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள். அண்டாக்களில் ஆவி பறக்கிறது. கிண்ணத்தில் கனத்த முள்ளங்கித் துண்டுகள், பொரித்த டோஃபு, கருஞ்சாறு. இங்கே நான் அட்டையை வெளியே எடுக்கவில்லை; அம்மாவும் எடுக்கச் சொல்லவில்லை. கோயிலில் கொடுத்தது என்று கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். குச்சி பட்டதும் பிளந்தது முள்ளங்கி. காரம் துளியும் இல்லை, நார் இல்லை. பக்கத்துப் பாட்டி ஒருவர் அம்மாவின் கையுறை போடாத கையைப் பார்த்துக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடிக்கும்படி சைகையால் காட்டினார். இருவரும் சிரித்துக்கொண்டே அருகருகே நின்று சாப்பிட்டார்கள்.

இனி சாமான் கட்ட வேண்டும். சென்மைசுகே நாள்பட நிற்காது, குளிரிலேயே இருக்க வேண்டும். அதை இன்றிரவு இங்கேயே முடித்துவிடுகிறோம். காற்றெடுத்து அடைத்த சுகுகி மூன்று பொட்டலம் பெட்டிக்குள் போகிறது. கொம்பு ஒரு கட்டு. அம்மா இரண்டாக வாங்கச் சொல்கிறாள், கடை மூட இன்னும் அரை மணி இருக்கிறது.