கட்டரை எடுப்பதற்கு முன்

செவன் பாணிக் கார் ஒன்றை இங்கிலாந்தில் என் வீட்டு கராஜில் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1957-இல் காலின் சாப்மன் லோட்டஸ் செவனில் கொண்டுவந்த அதே அமைப்புதான்: இரும்புக் குழாய்ச் சட்டம், அலுமினியத் தகடு, இரண்டே இருக்கை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயரிங் மூன்றும் பாடி துருப்பிடித்துப்போன 1.6 லிட்டர் மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றிலிருந்து வருகின்றன. முதல் தலைமுறை மாடல்.

ஒயரிங் என்றாலே பலர் பயந்து, புது ஹார்னஸ் (காரின் மொத்த ஒயர்க் கட்டு) வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் மனமில்லை. கம்பெனி போட்ட கிரிம்ப்பும் (உலோகத்தை நசுக்கி ஒயரைப் பிடிக்கவைக்கும் இணைப்பு) தண்ணீர் புகாத கனெக்டரும் இத்தனை வருஷம் மழையிலும் குளிரிலும் தாங்கியிருக்கின்றன. அதில் வேண்டாததை மட்டும் எடுத்தால் போதும்.

வேண்டாதது நிறையவே இருக்கிறது. தூக்கி இறக்கும் ஹெட்லைட்டின் மோட்டார்கள், பவர் விண்டோ, ரேடியோ, ஸ்பீக்கர், கதவு விளக்கு, ஏசி. ஆனால் காரைப் பிரிப்பதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஓடுகிற காரில் ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடினால் அந்தக் கிளை போகலாம் என்று அர்த்தம். அப்புறம்தான் ஹார்னஸை வெளியே எடுப்பது.

எடுத்துத் தரையில் விரித்தபோது என் மகளும் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பிளக்கிலும் லேபிள் ஒட்டுவது அவள் பொறுப்பு. “அப்பா, இந்த ஒயர் டேப்புக்குள்ள போய் நாலா வெளிய வருதே?” என்றாள். சரியான இடத்தைத்தான் பிடித்தாள். ஃபியூஸிலிருந்து வரும் ஒரு ஒயரை டேப்புக்குள்ளேயே கிரிம்ப் போட்டு, மூன்று நான்கு கிளைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ரேடியோ ஒயர்தானே என்று அந்த முடிச்சுக்கு முன்னால் வெட்டினால், சம்பந்தமே இல்லாத வேறொன்றும் சேர்ந்து செத்துப்போகும். அதனால் டேப்பை முழுக்க உரித்து, முடிச்சு வரை போய், வேண்டாத கிளையை மட்டும் அங்கே எடுத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு மூட வேண்டும். புது இணைப்பு தேவைப்பட்டால் நான் கிரிம்ப்தான் போடுகிறேன். சால்டர் உறிஞ்சிய இடத்தில் ஒயர் விறைத்துவிடும். அதிர்வில் அந்த விளிம்பில்தான் ஒடியும்.

1.6 எஞ்சினில் ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டருக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. காற்று உள்ளே போய் மடல் திறந்தால்தான் பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் மின் ஸ்விட்சான ரிலே பிடித்து நிற்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் ரிலேக்குச் சாவியிலிருந்து தனியாக சிக்னல் வரும். புது இசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) போடுவதற்காக அந்த மீட்டரைத் தூக்கிவிட்டால், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், சாவியை விட்டதும் நின்றுவிடும். அப்போது இசியூவைச் சந்தேகிக்காமல், பம்ப் ரிலேயை யார் இயக்குகிறார்கள் என்று பாருங்கள். அந்த வேலையைப் புது இசியூவிடம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

எர்த்துக்கு, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழிக்கு, வருகிறேன். எம்எக்ஸ்-5-இல் பாடி பெரும்பாலும் இரும்பு. அதில் எங்கே போல்ட் போட்டாலும் எர்த் கிடைக்கும். என் காரில் பின் மட்கார்டு ஃபைபர்கிளாஸ், சட்டத்தின் மேல் பவுடர் கோட்டிங். இரண்டும் கரண்டைக் கடத்தாது. எர்த் சரியில்லாத விளக்கில் கரண்ட் வேறு பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கறுப்பு ஒயர் இழுத்து, கோட்டிங்கைச் சுரண்டிய ஒரே போல்ட்டில் சேர்த்திருக்கிறேன். மல்டிமீட்டரில் பீப் சத்தம் வந்தால் மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பீப் அடிக்கும். 21 வாட் பல்பை மாட்டி எரியவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எடுக்கிற வேகத்தில் பின் ஃபாக் விளக்கின் ஒயரை எடுத்துவிடக் கூடாது. இங்கே சொந்தமாகக் கட்டிய காரைச் சாலைக்கு அனுமதிக்கும் ஐவிஏ சோதனையில் அந்த விளக்கும், அது எரிவதைக் காட்டும் சின்ன விளக்கும் கட்டாயம். நீங்கள் பாகங்கள் எடுக்கும் கார் ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ் ரோட்ஸ்டர் (எம்எக்ஸ்-5-இன் ஜப்பானியப் பெயர்) என்றால் அந்த ஒயரே இல்லாமல் இருக்கலாம்; புதிதாக இழுக்க வேண்டியிருக்கும். ஒயரை 300 மில்லிமீட்டருக்கு ஒரு பிடிமானமாவது போட்டுக் கட்டியிருக்கவும் வேண்டும்.

டேப் சுற்றுவது கடைசி வேலை. எல்லா விளக்கும் எரிந்து, எஞ்சின் சூடாகி, ஃபேன் தானாகச் சுற்றிய பிறகுதான் துணி டேப்பைக் கையில் எடுக்கப்போகிறேன். அதற்கு முன் பின்பக்கத்துக்கு இரண்டு உபரி ஒயர்களை விட்டு வைக்கிறேன். ரிவர்ஸ் கேமரா வேண்டும் என்று மகள் இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள்.