குடியாத்தத்துப் பெண்ணும் ஒரு பாரிஷ் கவுன்சிலும்

இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்பது இங்கே வந்திருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அந்த உரிமை உண்டு. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்து, அந்தப் பகுதியில் ஒரு வருடம் குடியிருந்துவிட்டால் தேர்தலில் நிற்கவும் நிற்கலாம். டெபாசிட் கிடையாது. வேலூரில் நர்சிங் படித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்த எனக்கும், எங்கள் கிராமத்துப் பாரிஷ் கவுன்சிலில், அதாவது கிராம உள்ளாட்சி மன்றத்தில், ஓர் இடம் காலியானபோதுதான் இதெல்லாம் தெரிய வந்தது.

இடம் காலியானால் அறிவிப்பு ஒட்டுவார்கள். பத்து வாக்காளர்கள் சேர்ந்து தேர்தல் வேண்டும் என்று எழுதிக் கேட்காவிட்டால், கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் "நீங்கள் வரலாமே" என்றார். என் பேச்சு இவர்களுக்குப் புரியுமா, நைட் ஷிஃப்டோடு இது ஒத்துவருமா என்று எனக்குத் தயக்கம். குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1996-இல் முதல் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டில் வார்டு உறுப்பினராக ஜெயித்தவர் அவர். "1954-ல காமராசர் முதலமைச்சர் ஆனப்புறம் எம்.எல்.ஏ. ஆவறதுக்கு எங்க வந்து நின்னாரு? நம்ம குடியாத்தத்துலதானே. விருதுநகர்க்காரர்னு பாத்தா ஓட்டுப் போட்டோம்? உன்னைக் கூப்பிடறாங்க இல்ல, போடிம்மா" என்றார். சரி என்று விண்ணப்பித்தேன்.

பாரிஷ் கவுன்சில் என்பது இங்கே ஆட்சியின் கடைசிப் படி. விளையாட்டுத் திடல், இடுகாடு, வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள், பஸ் நிழற்குடை, பெஞ்சுகள், இவ்வளவுதான் எங்கள் கையில். சாலைப் பள்ளம், பல மாவட்டங்களுக்கு மேலே இருக்கும் கவுன்டி கவுன்சிலைச் சேர்ந்தது. குப்பை அள்ளுவது மாவட்ட கவுன்சில். வீடு கட்ட அனுமதி கொடுப்பதும் அவர்களே, எங்களிடம் கருத்து மட்டும் கேட்பார்கள். சம்பளம் கிடையாது. நம் ஊரில் ஊராட்சித் தலைவர் காசோலையில் கையெழுத்துப் போட்டு வந்தார். இங்கே தலைவரே ஆனாலும் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது. கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்பே ஒட்டிய நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தில் தீர்மானம் போட முடியாது.

ஆனால் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பிரிவினையெல்லாம் எதற்கு? பள்ளத்தில் சைக்கிள் விட்டு விழுந்தவர் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். "அது கவுன்டியின் வேலை" என்று உடனே சொன்னால் கோபம் இரண்டு மடங்காகும். இதற்கும் பெரியம்மாதான் வழி சொன்னார்: "மொதல்ல அவங்க பேசி முடிக்கட்டும். கோவம் எறங்கினப்புறம்தான் இன்னா வேணும்னு அவங்களுக்கே தெரியும்." கேட்டுக்கொண்டு, எந்த அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்று கூடவே உட்கார்ந்து எழுதிக் கொடுப்பேன். கவுன்சிலர் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

நான் மனதார விரும்பி எடுத்துக்கொண்ட முதல் வேலை ஒரு விளக்கு. ஊர்க்கோடி பஸ் நிறுத்தத்தில் விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்யும் பெண்கள். கேரளத்துக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், உள்ளூர்ப் பெண்கள் எல்லாரும் உண்டு. டிசம்பரில் இங்கே எட்டு மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். கும்மிருட்டில், நடைபாதைகூட இல்லாத ஓரத்தில், போனில் டார்ச் அடித்துப் பஸ்ஸை நிறுத்துவார்கள். அவர்களில் ஒருத்தியாக நானும் நின்றிருக்கிறேன்.

பாதை விளக்கு போட பாரிஷுக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் கம்பம் நடும் இடம் கவுன்டியின் சாலையோரம், அவர்கள் அனுமதி வேண்டும். விலைப்புள்ளிகள் வாங்க வேண்டும். பாரிஷுக்கான பணம் கவுன்சில் டாக்ஸ் என்ற இங்கத்து வீட்டு வரியோடு சேர்த்து வசூலாகிறது. அந்தத் தொகையைக் குளிர்காலத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். விட்டால் அடுத்த வருடம்தான். அந்தக் கூட்டத்தில் எதிர்ப்பும் வந்தது. படுக்கையறையில் வெளிச்சம் விழும் என்றார் ஒருவர். வௌவால்களுக்கு ஆகாது என்றார் இன்னொருவர். அது நியாயம்தான், இங்கே வௌவால்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. "நீங்கள் எத்தனை நாள் இந்த ஊரில் இருக்கப் போகிறீர்கள்?" என்றும் ஒரு குரல் கேட்டது. வலித்தது. பதில் சொல்லாமல், கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும் மஞ்சள் விளக்கு, பஸ் நேரத்துக்கு மட்டும் எரியும் டைமர் என்ற மாற்று யோசனையை வாசித்தேன். வௌவாலுக்காகப் பேசியவரே அதை வழிமொழிந்தார். தீர்மானம் நிறைவேறியது. இப்போது அந்த நிறுத்தத்தில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். இதைவிடப் பெரிய கூலி எனக்குக் கிடைத்ததில்லை.

ஊர்க்காரர்கள் என்னிடம் வந்து குறை சொல்ல ஆரம்பித்த பிறகுதான் இது என் ஊர் என்ற எண்ணமும் வந்தது. விருந்தாளியிடம் யாரும் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போடுவதில்லையே.

பெரியம்மாவோடு பேசும்போது அடிக்கடி வரும் பேச்சு ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. மற்ற மாவட்டங்கள் பலவற்றில் 2019 டிசம்பரில் கிராமப்புறத் தேர்தல் நடந்துவிட்டது. வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களை உண்டாக்கியிருந்ததால் எங்கள் பக்கம் 2021 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்து வருடம் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். "மோட்டார் ரிப்பேர்னா யார் வீட்டுக் கதவைத் தட்டறது?" என்று பெரியம்மா அப்போது கேட்பார். பதவியில் இல்லாவிட்டாலும் அந்த நாட்களில் ஜனங்கள் அவர் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அதிகாரம் சின்னதாக இருக்கட்டும், தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும் என்று நான் பிடிவாதமாக நம்புவது அந்த ஐந்து வருடத்தைக் கேட்டறிந்ததால்தான்.

இங்கே இருக்கும் நம்மவர்களுக்கு: பாரிஷ் கூட்டங்களில் பொதுமக்கள் போய் உட்காரலாம், பெரும்பாலான ஊர்களில் பேசவும் நேரம் ஒதுக்குவார்கள். தேர்தலில் நிற்க, அந்த ஊர் வாக்காளர்களில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும். காலியிட அறிவிப்பு ஊர் அறிவிப்புப் பலகையில் இருக்கும். வேலைக்குப் போகும் வழியில் ஒரு தடவை நின்று பாருங்கள்.